இருபத்தெட்டுக்கும் முப்பத்திமூன்றுக்கும் நடுவில்

கேட்டது அதிகமில்லை.
எந்த வருடம், என்ன மாடல், எத்தனை கிலோமீட்டர்.
பிறகு ஒரு கேள்வி: வாகனத்தின் நிலை?
மிக நன்று. நன்று. பரவாயில்லை.
இரவுப் பணி முடிந்து வந்த கையோடு
உப்புவெளி வீட்டில், செருப்பைக்கூடக் கழற்றாமல்
'நன்று' என்பதைத் தொட்டேன்.
வட்டம் ஒன்று சுற்றிச் சுற்றி நின்று
ஒரு கோட்டை நீட்டியது:
இந்த நுனியில் இருபத்தெட்டு லட்சம்,
அந்த நுனியில் முப்பத்திமூன்று.
நான் முப்பத்திமூன்றை மட்டும் வாசித்தேன்.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பதினொரு வருடமாக
இதே பிழையை மற்றவர்கள் விடுவதைப் பார்க்கிறேன்.
சீனி எவ்வளவு என்று அச்சடித்த தாளில்
பக்கத்திலேயே, சின்ன எழுத்தில், இருக்கும் வீச்சை
ஒருவரும் பார்ப்பதில்லை.
"எத்தனை மிஸ்?" என்பார்கள்.
அந்த ஒன்றை மட்டும் கையில் பொத்திக்கொண்டு
வாசல் தாண்டுவார்கள்.

அந்தத் தளத்துக்கு என் ஆல்ட்டோவைத் தெரியாது.
நுகேகொடையிலும் கண்டியிலும்
யார் யாரோ கேட்ட விலைகளைக் கூட்டி வகுத்திருக்கிறது.
கேட்ட விலை. கொடுத்த விலை அல்ல.
மார்கழிக் காற்றில் கடல் வந்து
முன்கண்ணாடியில் வெள்ளையாய்க் காய்வது
அதன் கணக்கில் இல்லை.
சக்கர வளைவுக்குள் விரலை விட்டால்
பொருபொருவென உதிரும் துரு இல்லை.
போன தையில் மாற்றிய கிளட்ச் தட்டும் இல்லை,
அதற்கு நான் எண்ணிக் கொடுத்த ஐம்பத்தெட்டாயிரமும்.
நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது;
அதனால்தான் அவ்வளவு நிதானமாகப் பேசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை சபூர்தீன் வந்தார்,
கிண்ணியாப் பாலம் தாண்டி,
கூடவே மெக்கானிக் வில்பிரட்.
வில்பிரட் கதைக்கவில்லை.
சட்டைப் பையிலிருந்து காந்தம் ஒன்றை எடுத்தார்,
குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் வகை,
அன்னாசிப்பழ உருவம்.
பொனட்டில் ஒட்டியது. வலக் கதவில் ஒட்டியது.
இடப் பின்கதவில் வைத்தார்.
அன்னாசி வழுக்கி மணலில் விழுந்தது.

"பட்டி பூசியிருக்கு," என்றார். அவ்வளவுதான்.

எனக்குத் தெரியாது என்றேன். உண்மை.
ஆறு வருடத்துக்கு முன் இதை எனக்கு விற்றவரும்
கைபேசியில் ஓர் இலக்கத்தைத்தான் காட்டினார்,
அடிபடாத வண்டி என்றார்.
நான் காந்தம் கொண்டுபோகவில்லை.

சபூர்தீன் தன் கைபேசியைப் பொனட்டில் வைத்தார்.
அதே தளம், அதே வருடம், அதே கிலோமீட்டர்.
இருபத்தைந்தில் தொடங்கி இருபத்தொன்பதரையில் முடிந்த கோடு.
"நான் 'பரவாயில்ல'ண்டு போட்டன் மிஸ்."
வண்டியைக் காணுமுன்னே போட்டிருக்கிறார்.
தினமும் கண்ட நான் மட்டும்
பார்த்தா போட்டேன்?
இரண்டு கைபேசி, ஒரு பொனட்,
ஒரு சொல்லுக்கு மூன்றரை லட்சம்.

தேத்தண்ணி ஊற்றினேன்.
கோடுகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுவது
சின்னத் துண்டில்தான்:
இருபத்தெட்டிலிருந்து இருபத்தொன்பதரை வரை.
கதை அதற்குள் இருக்கட்டும் என்றேன்.
கிளட்ச் ரசீதைக் கொண்டுவந்து கொடுத்தேன்;
வில்பிரட் அதை வெயிலில் பிடித்து
முத்திரை வரைக்கும் வாசித்தார்.
மேல் நுனியிலிருந்து இறங்கினோம்.
துருவுக்கு நானாகவே முப்பதாயிரம் விட்டேன்.
கதவுக்கு அவர் ஐம்பது கேட்டார், நாற்பதில் நின்றது.
இருபத்தெட்டு லட்சத்து எண்பதாயிரம்.
எந்தத் திரையும் சொல்லாத இலக்கம்.
வில்பிரட் அன்னாசியின் மணலை ஊதிப்
பையில் போட்டுக்கொண்டார்.

செவ்வாய் மாலை நிலாவெளி பஸ்ஸில்
கம்பியைப் பிடித்தபடி நின்றேன். கைபேசி அதிர்ந்தது.
'உங்கள் வாகனத்தின் மதிப்பு இந்த வாரம்
பன்னிரண்டாயிரம் ரூபாய் கூடியுள்ளது.'
கூடிய நுனி எது, குறைந்த நுனி எது என்று
தேடிக்கொண்டே நின்றுவிட்டேன் போல.
நிமிர்ந்தபோது இறங்குமிடம் தாண்டி
அலஸ்தோட்டம் வந்திருந்தது.